அறுபத்தெட்டுக் கிலோ

அவனுடைய பாஸ்போர்ட்டில் பதினேழு நாட்டு முத்திரைகள்.
அத்தனைக்கும் ஒத்திகை
என் முதுகில் நடந்தது.

ரெய்யோ புக்கிலா என்று புடாபெஸ்டில் சொல்லிப் பாருங்கள்,
கிழட்டு ரெஃபரி எவராவது தலையாட்டுவார்.
எஸ்கோ வைனிக்கா என்றால்
லாபுவா தபால் நிலையத்துக்கு மட்டும் தெரியும்.
பதினோரு வருடம் நான் ஃபின்லாந்தின் இரண்டாமவன்.
இரண்டாமவனுக்கு விமானம் இல்லை.

எங்கள் மல்யுத்தத்தில்
இடுப்புக்குக் கீழே உலகம் கிடையாது.
காலைத் தொட்டால் குற்றம்.
காலை வாரி எவனையும் வீழ்த்த முடியாது,
காலைப் பிடித்து எதையும் கேட்கவும் முடியாது.
நெஞ்சுக்கு நெஞ்சு,
எதிராளியின் மூச்சில் அவன் பட்டினி நாறும் தூரம்.
அவனுடைய இடது காதைக் கசக்கியது நான்.
என்னுடைய இரண்டையும் அவன்.

எடை பார்ப்பதற்கு முந்தைய இரவுகளில்
சவுனாவின் மேல்பலகையில் நாங்கள் இருவர்.
கல்லில் ஊற்ற ஊற்றத் தண்ணீர் சீறிப் போகும்,
போவதைப் பார்த்துக்கொண்டே இருப்போம்.
தகர டப்பாவில் எச்சிலைத் துப்பித் துப்பி
இன்னும் நானூறு கிராம் என்பான்,
ஆரஞ்சுப் பழத்தைப் பற்றிப் பேசாதே என்பான்.
நான் பேசியதே இல்லை.

ஒரு பிப்ரவரியில் அவனுடைய விலா எலும்பு விரிசல் விட்டது,
பயிற்சியில், என் பிடியில்.
டாக்டரிடம் போகவில்லை. கோச்சிடம் சொல்லவில்லை.
உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த எலும்பு.
ஒன்பதாம் நாள் தேர்வுப் போட்டி.
டெஹ்ரானுக்கு ஒரே இடம்.

விசில்.
என் கை தானாக அங்கே போய்ப் பூட்டிக்கொண்டது என்று
இருபது வருடம் ஹில்க்காவிடம் சொல்லி வந்தேன்.
தானாகப் போகவில்லை.
அனுப்பினேன்.
மோதிர விரலுக்கு அடியில் அது அசைந்தது,
ஆணி தளர்ந்த படகுப் பலகை போல.
அவன் கத்தவில்லை. என் காதோரம் மெதுவாக
“அதேதான்” என்றான்,
வழி கேட்டவனுக்குத் தெருவைக் காட்டுகிறவன் குரலில்.
பிறகு என்னைத் தூக்கினான்.
அந்தரத்தில் கூரை விளக்குகளை எண்ண எனக்கு நேரம் இருந்தது.
ஆறு. ஒன்று எரியவில்லை.

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன்.
தொண்ணூறு கிலோமீட்டர் பனி.
பாதி வழியில் தெர்மாஸைத் திறந்து
முதல் கோப்பையை என்னிடம் நீட்டினான்.
அந்தக் காப்பியை விழுங்குவது
அவன் தூக்கி எறிந்ததைவிடக் கடினமாக இருந்தது.

டெஹ்ரானில் முதல் சுற்றிலேயே தோற்றான்.
களைப்பு என்று எழுதியது பத்திரிகை.
அந்தப் பத்திரிகையை நூற்று நாற்பது வீடுகளில்
நான்தான் போட்டேன்.

பின்னால் மெடல்கள் வந்தன, இரண்டு வெண்கலம், ஒரு வெள்ளி.
அந்த வருடம்தான் அவன் வருடம் என்று
ஊரில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.
என்னிடம் சொல்வதில்லை.

கடைசிப் போட்டி பள்ளிக்கூட ஹாலில்.
எதிராளி வேண்டுமே, என்னைக் கூப்பிட்டார்கள்.
வழக்கம்போல ஜெயித்தான்.
பாயின் நடுவில் உட்கார்ந்து ஷூக்களைக் கழற்றினான்,
முடிச்சு அவிழாமல் பல்லால் இழுத்தான்,
ஜோடியாக வைத்துவிட்டு எழுந்தான்.
கைதட்டலுக்குள் நடந்து
வெறும் சாக்ஸோடு பனியில் இறங்கிப் போனான்.

ஷூவை விட்டுப் போவது அழகுதான்.
ஆனால் ஆறு மணிக்கு அங்கே பேட்மிண்டன்.
யாராவது எடுக்க வேண்டும்.
தபால் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இப்போதும் அவை என் கார் டிக்கியில் கிடக்கின்றன.
சனிக்கிழமைகளில் கடையில் சந்திக்கிறோம்,
உருளைக்கிழங்கு விலை பேசுகிறோம்.
ஷூ எங்கே என்று அவன் கேட்பதில்லை.
மேல்தட்டில் இருக்கும் காப்பிப் பொட்டலத்துக்கு
வலது கையை மட்டும் நீட்டுகிறான்.
இடது கை
உடம்போடு ஒட்டியே இருக்கிறது.